பென்சிலில் ஒரு பெயர்: சபை ஊழியக் குழுவில் மூன்று வருடம்

சேவையைப் பெற்றவர்கள்தான் வழக்கமாக விமர்சனம் எழுதுவார்கள். இது சேவை செய்தவன் எழுதுவது. எங்கள் கிறிஸ்தவ சபையின் ஊழியக் குழுவில் சேர்ந்து எனக்கு மூன்று வருடம் முடிந்துவிட்டது. நாற்காலி அடுக்குவதில் தொடங்கி, மைக் ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து, ஞாயிறு பள்ளியில் நான்கே வாரத்தில் தோற்று, இப்போது படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் குழுவில் இருக்கிறேன். சேரலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த அந்த ஒன்று எதற்கு என்பது கடைசியில்.

சபையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். அதோடு, நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் எந்தச் சபையிலும் இருக்கக்கூடியவைதான்.

முதலில் நான் எந்த நிலையில் இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த நான்கு நட்சத்திரத்துக்குப் பொருள் இருக்காது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்கச் செயலிழந்து போனது. ஆறு வருடம் படுக்கை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் நான். போனில் மூன்று அலாரம் வைத்திருந்தேன்: காலை 6, மதியம் 2, இரவு 9. அம்மா இறந்த பிறகும் அந்த மூன்றும் அடித்துக்கொண்டே இருந்தன. அழிக்க மனம் வரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அலுவலகத்தில் அது அடிக்கும்போது பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். நான் நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்வேன்.

முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. நண்பர்கள் அந்த ஆறு வருடத்தில் ஒவ்வொருவராக உதிர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கூப்பிட்டபோதெல்லாம் நான்தான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன். கடைசி வரிசை, கதவுக்குப் பக்கத்து நாற்காலி. முதல் பாட்டு முடிந்த பிறகு உள்ளே நுழைந்து, கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடும்போது வெளியே நழுவிவிடுவேன். இரண்டு வருடம் இப்படி. யாருக்கும் என் பெயர் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் நானும் நடந்துகொண்டேன்.

ஒருநாள் போதகர் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு ஒரு வெளிச்சமும் தெரியவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் எழுந்து பாதி தூரம் போவதற்குள் ஆமென் சொல்லிவிட்டார், எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். கதவருகே ஒரு பெரியவர் நீளமான பெஞ்சு ஒன்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

பிடித்தேன். அப்புறம் இன்னொரு பெஞ்சு. அப்புறம் நாற்காலிகள். எட்டெட்டாக அடுக்க வேண்டும், ஒன்பதாவது வைத்தால் சாயும். அடுக்கும்போது கட்டை விரலை உள்ளே வைத்தால் நசுங்கும், நசுங்கியது. பெரியவர் என் பெயரைக் கேட்கவில்லை, விசுவாசத்துக்கு எப்படி வந்தேன் என்று சாட்சி கேட்கவில்லை, எந்தச் சபையிலிருந்து வந்தேன் என்று துருவவில்லை. எல்லாம் முடிந்ததும், "அடுத்த வாரமும் இருப்பீங்கல்ல?" என்றார். இரண்டு வருடமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. இருப்பேன் என்று வாய் சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் போனால் அட்டவணையில் என் பெயர் இருந்தது, பென்சிலில்.

இந்த அட்டவணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுச் சேவையும் இதில்தான் ஓடுகிறது. ஒரு அட்டையில் கோடு போட்டு, வாரம் வாரமாக யார் எந்த வேலை என்று எழுதி, பின்னறைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். இதைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெற்ற தட்டச்சர். எல்லோருக்கும் அவர் அட்டவணை அக்கா, போதகருக்கும்தான். புதிதாக வருபவர்களை அவர் பென்சிலில்தான் எழுதுவார். ஆறு வாரம் தொடர்ந்து வந்தால் பேனாவில். "வாக்குக் கொடுக்கிறவங்க நிறைய பேர் தம்பி, அட்டை ஒண்ணுதான் இருக்கு" என்பது அவர் தரும் விளக்கம்.

ஐந்தாவது வாரம் எனக்குக் காய்ச்சல். போகவில்லை, சொல்லவும் இல்லை. பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். திட்டப்போகிறார் என்று நினைத்து ஒரு சாக்கைத் தயார் செய்துகொண்டுதான் எடுத்தேன். "உடம்புக்கு என்ன?" என்றார். சொன்னேன். "வீட்டுல யார் இருக்கா?" யாரும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மாலையில் அந்தப் பெஞ்சுப் பெரியவர் வாசலில் நின்றார், கையில் மாத்திரையோடு. உள்ளே வந்தவர் முன்னறையில் விளக்கு எரியவில்லை என்பதைப் பார்த்தார். அது எரியாமல் போய் மாதக்கணக்காகிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. கீழே போய் ஒரு பல்பு வாங்கிவந்து, ஸ்டூலில் ஏறி மாட்டினார். எழுபதைத் தாண்டியவர். நான் போர்வையோடு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வராவிட்டால் தேடுவதற்கு ஓர் இடம். இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான். நான் கட்டாத வீட்டுக்கு நான் தூணாக இருப்பது போல ஒரு உணர்வு.

சாயூன் லிம், ராபர்ட் பட்னம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2006-லும் 2007-லும் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 2010-ல் கட்டுரை வெளியிட்டார்கள். தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருக்கிறார்கள் என்பது முன்பே தெரிந்த விஷயம். இவர்கள் அது ஏன் என்று பார்த்தார்கள். சபைக்குள்ளேயே நெருங்கிய நண்பர்கள் இருப்பவர்களுக்குத்தான் அந்தத் திருப்தி கூடுகிறதாம். வாராவாரம் வந்து, அங்கே நண்பர் ஒருவர்கூட இல்லாமல் திரும்பிப் போகிறவர்களுக்கு வராதவர்களைவிட அப்படியொன்றும் கூடவில்லை. அதாவது கடைசி வரிசை நாற்காலிக்காரனுக்கு. படித்தபோது யாரோ என்னைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தது போல இருந்தது.

இனி வேலைகள் ஒவ்வொன்றாக.

நாற்காலிக் குழு, புதிதாக வருபவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது. பேச வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை, வேதத்தில் எந்த அதிகாரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கனமான பொருளைத் தூக்கும்போது பேச்சு தானாக வருகிறது. எதிரெதிரே உட்கார்ந்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் வாய் திறக்காத ஆண்கள், பெஞ்சைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நடக்கும்போது மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

வரவேற்புக் குழு எனக்கு ஒத்துவரவில்லை. வாசலில் நின்று சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் என் முகம் தாங்காது.

ஞாயிறு பள்ளிக் கதை இன்னும் மோசம். ஒன்பது வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். முதல் வாரமே ஒரு பையன், "அங்கிள், யாருக்குப் பயந்து காயீனுக்கு அடையாளம் போட்டாங்க? உலகத்துலயே நாலு பேர்தானே இருந்தாங்க?" என்றான். தம்பியைக் கொன்ற காயீனை வேறு யாரும் கொன்றுவிடாதபடி கடவுள் அவன்மேல் அடையாளம் போட்ட கதையைத்தான் கேட்டான். நான் யோசித்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. நான்காவது வாரம் அக்கா நாசூக்காக என்னை வேறு பக்கம் நகர்த்திவிட்டார். அந்த வேலையைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அன்றைக்கு வந்தது. 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதும் அதன் நோக்கம். ஆறு நாள் உழைத்துக் களைத்த பிள்ளைகளை ஏழாம் நாள் உட்காரவைத்தவர்கள் என்ன பொறுமைசாலிகளாக இருந்திருப்பார்கள்! என்னால் நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளைகளையே உட்காரவைக்க முடியவில்லை.

ஒலிக் குழு. இங்கே நீங்கள் சரியாக வேலை செய்தால் நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு முறை ஃபீட்பேக் வந்து 'கீ' என்று கத்தினால் சபை மொத்தமும் திரும்பி உங்களைப் பார்க்கும். கவனிக்கப்படாமல் இருக்கப் பழகியவனுக்குப் பொருத்தமான வேலை என்று அக்கா நினைத்திருக்கலாம். அங்கேதான் பாடகர் குழுவிலிருந்து ஒருவர் ஒவ்வொரு ஒத்திகையிலும் மேடையிலிருந்து இறங்கி வந்து, "பிரதர், என் குரல் எனக்கே கேக்கல" என்று புகார் சொன்னார். அவருக்கு முன்னால் இருந்த மானிட்டரில், அதாவது பாடுகிறவர்கள் கேட்பதற்காக வைத்த ஸ்பீக்கரில், குரலைக் கூட்டினால் மைக் அதையே திரும்ப வாங்கிக் கத்தும். கூட்டாவிட்டால் அவருக்குக் கேட்காது. இரண்டு மாதம் சண்டை. ஒருநாள்தான் எனக்கு உறைத்தது: அவர் குரலைக் கூட்ட வேண்டியதில்லை, அந்த மானிட்டரில் கீபோர்டையும் மற்றவர்களையும் குறைத்தால் போதும். குறைத்தேன். பாடி முடித்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அவர் இப்போது என் மனைவி. இதைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன், அவள் இதைப் படிப்பாள். கணவரை இழந்தவள், ஒரு மகள். நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்காக எங்கும் போனது கிடையாது. நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் அவள் பாடுவதற்காக வந்தாள், நான் வேறு வேலைக்காக. பிறர் வீட்டுப் படுக்கையறைகளில்தான் ஒருவரையொருவர் கவனித்தோம். எரிச்சல் வரும்போது அவள் எப்படி இருக்கிறாள், களைத்துப்போனால் நான் எப்படி இருக்கிறேன், துர்நாற்றத்தின் முன்னால் யார் முகத்தைச் சுளிக்கிறார் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சுக்கு முன்பே இருவருக்கும் தெரிந்துவிட்டது. நான் பேச்சை எடுத்தபோது, "மகள்கிட்ட கேக்கணும்" என்றாள். மகள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். இன்னமும் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸருக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பிரசங்கத்தின் போது பாடகர்களின் மைக்கை மியூட் செய்வது அவள் பொறுப்பு.

இதைப் படித்துவிட்டுத் துணை தேடுவதற்காகவே ஊழியத்தில் சேரலாம் என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து வேண்டாம். அப்படி வருகிறவர்களை மூன்றாவது வாரமே கண்டுபிடித்துவிடலாம். நாற்காலி ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். நிம்மதியாக வேலை செய்ய வந்த பெண்களுக்கு அது பெரிய தொல்லை.

இப்போது நான் சொல்ல விரும்பும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நோயாளிகளைச் சந்திக்கும் குழு.

முதல் முறை நான் போனது வண்டி ஓட்டுவதற்காக மட்டும்தான். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். மகள் மட்டும் கூட இருந்தார். எல்லோரும் ஜெபித்தார்கள், பாடினார்கள். நான் கதவோரம் நின்றேன். கிளம்பும் நேரத்தில் மகள் படுக்கை விரிப்பை மாற்றத் திணறிக்கொண்டிருந்தார். தனியாளாக அம்மாவைத் தூக்கப் பார்க்கிறார், அந்த அம்மா வலியில் முனகுகிறார். என் கை தானாக முன்னே போனது. விரிப்பின் பாதியை நீளவாக்கில் சுருட்டி முதுகோடு ஒட்டிவைக்க வேண்டும். புது விரிப்பையும் அதேபோலச் சுருட்டி அதன் பக்கத்தில். அப்புறம் ஆளை அந்தச் சுருளின் மேல் மெல்ல மறுபக்கம் உருட்டினால், பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துவிடலாம். தூக்கவே வேண்டாம். எலும்பு முறிந்த பக்கம் எது, டாக்டர் எந்தப் பக்கம் திருப்பச் சொன்னார் என்று கேட்டுக்கொண்டுதான் செய்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் கால்களைப் பார்த்தேன். குதிகால் மெத்தையில் அழுந்தி சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் அந்தச் சிவப்பு வெளிறவில்லை. அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் காற்றில் நிற்கும்படி செய்தேன். அம்மாவை நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியதைச் சொல்லி, இவருக்கு எப்படி என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பதையும் சொன்னேன், ஏனென்றால் எல்லோரும் தேய்ப்பார்கள். நானும் தேய்த்திருக்கிறேன்.

அந்த மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க நர்ஸா?" என்றார்.

இல்லை, கணக்குப் பிரிவில் வேலை என்றேன். வண்டிக்கு வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், சாவியைத் திருப்பவில்லை. பின்னால் இருந்தவர்களும் அவசரப்படுத்தவில்லை. அந்த ஆறு வருடத்தை நான் அதுவரை தொலைந்துபோன வருடங்கள் என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். வேலையில் முன்னேறாத, கல்யாணம் செய்யாத, எங்கும் போகாத ஆறு வருடம். அன்றைக்கு அதற்கு வேறொரு பெயர் கிடைத்தது. படிப்பு.

அதிலிருந்து சந்திப்புக் குழுவில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. மற்றவர்கள் ஜெபிக்கும்போது நான் குதிகாலைப் பார்ப்பேன். போதகர் அதைக் கிண்டலாகச் சொல்வார், ஆனால் புது வீட்டுக்குப் போகும்போது முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார். இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதாக யோவான் 13-ல் வாசித்து வளர்ந்தவன்தான் நானும். ஒவ்வொரு வருடமும் அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கால் என்பது அங்கே உண்மையிலேயே கால்தான் என்பது படுக்கையோரம் குனிந்தபோதுதான் மண்டையில் ஏறியது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. ஆதிச் சபையில் ஊழியக் குழு எப்படித் தொடங்கியது என்று அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு புகாரில்தான் தொடங்கியது! கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறார்கள் என்று அவர்கள் பக்கத்து ஆட்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவானில் தொடங்கி நிக்கொலா வரை அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்கள் பக்கத்திலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்கள் போலும். விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதைவிட ஆறுதலான அதிகாரம் வேதத்தில் இல்லை.

அதே புத்தகத்தின் 9-ம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்துபோகிறாள். பேதுரு வந்ததும் விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்து சேவைக்கு எழுதப்பட்ட நல்ல விமர்சனங்களில் ஒன்று அது. நட்சத்திரம் கிடையாது, துணியைக் காட்டினார்கள். இன்னொரு விமர்சனம் எதிரியிடமிருந்து வந்தது. 4-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் யூலியன் பழைய தெய்வங்களின் வழிபாட்டுக்கு மறுபடி உயிர் கொடுக்க நினைத்தார். கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்கள் என்று வயிற்றெரிச்சலோடு குறிப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கொடுக்க வந்தவர் ஐந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அட்டவணைகூடப் புதிது இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில் சமையலறை வேலைக்கு வார முறை இருக்கிறது. வாரம் முடிக்கிறவர் துண்டுகளைத் துவைத்துக் கொடுக்க வேண்டும், பாத்திரங்களைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். பலவீனமானவர்கள் மனம் நொந்து வேலை செய்யாதபடி துணைக்கு ஆள் போட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "துண்டு துவைக்கிறதை நாமளும் சேர்த்திருக்கணும்" என்றார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

இந்தச் சேவைக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. நன்றாகச் செய்கிறவருக்கு இன்னும் வேலை வரும். முடியாது என்று சொன்னால், சொன்னவருக்கே குற்ற உணர்வு. 'ஊழியம்' என்ற சொல்லைப் போட்டுவிட்டால் மறுப்பது கடவுளையே மறுப்பது போல ஆகிவிடுகிறது. நூறு பேர் இருக்கும் சபையில் பதினைந்து பேர்தான் எல்லா வேலையையும் செய்கிறார்கள், மீதிப் பேர் அதை வரம் என்று பாராட்டுகிறார்கள். மைக் பிடிக்கிறவர்களுக்கு மேடையில் நன்றி சொல்வார்கள், கேபிள் சுருட்டுகிறவர்களுக்கு இல்லை. பாடகர் குழுவில் யாருக்கு முதல் வரிசை என்பதில் நடக்கும் அரசியலை நான் எழுதினால் வீட்டுக்குப் போக முடியாது.

என் சொந்தத் தவறையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வருடம் ஐந்து வேலைகளில் என் பெயர் இருந்தது. காலை முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போவேன். ஆராதனையில் உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. எல்லோரும் என்னை வைராக்கியமான ஆள் என்றார்கள். உண்மையில் வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு கேபிள் வைக்கும் அறையில் ஒன்றுமே நடக்காதபோது அழ ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை. அம்மா இறந்தபோது அழாத அழுகை அது.

அக்கா கதவைத் திறந்தார், பார்த்தார், மூடிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் அட்டவணையில் நான்கு வாரத்துக்கு என் பெயர் இல்லை. கோபம் வந்தது. போய்க் கேட்டேன். வேதாகமத்தைத் திறந்து யாத்திராகமம் 18-ஐக் காட்டினார். மோசே காலையிலிருந்து மாலை வரை தனியாளாக வழக்குத் தீர்ப்பதைப் பார்த்து மாமனார் எத்திரோ, இப்படிச் செய்தால் நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், வேறு ஆட்களை ஏற்படுத்தும் என்று சொல்லும் இடம். "மோசேக்கே மாமனார் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு தம்பி. உங்களுக்கு மாமனார் இல்ல, அதான் நான்." அந்த நான்கு வாரமும் நான் நடு வரிசையில் உட்கார்ந்து வெறுமனே பாட்டுக் கேட்டேன். போதகரின் பிரசங்கம் இவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லா இடத்திலும் ஓர் அக்கா இருப்பார் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதில் நான் வேறொரு சபையில் இருந்திருக்கிறேன். அங்கே வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வந்துவிடச் சொல்லி நெருக்குவார்கள். ஓய்வு கேட்டால் விசுவாசக் குறைவு. விலகிப் போனவரோடு பேசக் கூடாது. அங்கும் 'ஊழியம்' என்றுதான் பெயர். அதனால் சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த வேலையிலிருந்து எப்போது, எப்படி விலகலாம்? காணிக்கை எண்ணுவது ஒரே ஆளா, உறவினர் அல்லாத இரண்டு பேரா? பிள்ளைகளோடு இருக்கும்போது எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருப்பார்களா, அவர்களைப் பற்றி விசாரித்திருக்கிறார்களா? எங்கள் சபையில் இதைக் கேட்டால் அக்கா சந்தோஷமாக ஒரு தாளை எடுத்துக் கொடுப்பார். கேட்டதற்கே முகம் மாறுகிறது என்றால், அந்த இடத்தில் நாற்காலிகூட அடுக்க வேண்டாம்.

இன்னொன்று. விசுவாசம் இல்லாமல் இது முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நாற்காலி அடுக்க முடியும். எங்களோடு ஒருவர் ஒன்றரை வருடமாக அடுக்குகிறார், ஜெப நேரத்தில் வெளியே போய் நிற்பார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் என்னைக் கேட்டால், ஒரே படுக்கைக்கு நாற்பதாவது முறை போகும்போது, அந்த அம்மாவுக்கு என்னை அடையாளமே தெரியாதபோது, என்னை உள்ளே தள்ளுவது என் நல்ல குணம் இல்லை. அது எப்போதோ தீர்ந்துவிட்டது. வேறு எங்கிருந்தோ கடன் வாங்கித்தான் ஓட்டுகிறேன்.

நடைமுறைக்கு ஒரு யோசனை: முடிவுத் தேதியுள்ள வேலையாகக் கேளுங்கள். "ஆறு வாரம் நாற்காலிக் குழுவில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். "என்ன வேண்டுமானாலும் செய்கிறேன்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அதை நம்பிவிடுவார்கள்.

போனில் அந்த அலாரங்கள் இன்னும் இருக்கின்றன. மதியம் இரண்டை அழித்துவிட்டேன். காலை ஆறு ஞாயிற்றுக்கிழமைக்கு உதவுகிறது, கதவுச் சாவி இப்போது என்னிடம்தான். பெஞ்சுப் பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இன்னும் எடை தூக்கக் கூடாது. இரவு ஒன்பது அடித்தால் ஆசிரியை அம்மாவின் மகளுக்குப் போன் செய்து, இன்று எத்தனை முறை திருப்பினீர்கள் என்று கேட்பேன். சில நாள் அவரே முந்திக்கொண்டு கூப்பிடுகிறார்.

அந்த ஒரு நட்சத்திரம். இரண்டு வருடம் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அதற்கு. நான் ஒளிந்தேன் என்பது உண்மைதான். ஆனால் நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கும்போது ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் முதல் மாதமே என்னைப் பிடித்திருக்கலாம். இதை அக்காவிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அட்டவணையில் புதிதாக ஒரு கோடு போட்டு, 'கடைசி வரிசை' என்று எழுதி, எதிரில் என் பெயரை எழுதினார். பென்சிலில்தான். புது வேலையாம்.

எனவே கடைசி ஜெபத்தின் போது நான் இப்போது கண்ணை மூடுவதில்லை. போன வாரம் நீலச் சட்டைக்காரர் ஒருவர், என் பழைய நாற்காலியில் இருந்தவர், ஆமெனுக்கு முன்பே எழுந்துவிட்டார். கதவருகே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிக்கிறீங்களா?" என்றேன். அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெஞ்சை நானே இழுத்துப் போட்டேன். இந்த வாரமும் அங்கேதான் நிற்பேன்.